ஹோல்டு என்றால் பிடி

அம்பத்தூரிலும் ஆவடியிலும் இருக்கிற நமக்குப் பெரிய இயந்திரம் என்றால் டாங்கிதான் நினைவுக்கு வரும். 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்துதான். நாற்பது டன் கிட்ட எடை. அதை நகர்த்துகிறவர்களுக்கு ஒரே கவலை, அது எதன்மேல் இடிக்குமோ என்பது. டாங்கிக்கு ஒன்றும் ஆகாது, இடிபட்டதுதான் போகும்.

நான் இன்று எழுதப்போவது அதற்கு நேர் எதிரான ஒரு யந்திரத்தைப் பற்றி. 300 கிலோ அளவுதான் எடை. ஆனால் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை பதினாறரை மீட்டர், பழைய கணக்கில் 54 அடி. மரச்சட்டம், பிளைவுட், அதன்மேல் விறைப்பாக இழுத்து ஒட்டிய துணி. அது எதன்மேல் இடித்தாலும் சேதம் அதற்குத்தான். என்ஜின் கிடையாது. கிளைடர் என்பார்கள். 1970-ல் ஓர் என்.சி.சி. விமானப் பிரிவு முகாமில் அதைத் தள்ளுகிற வேலை எனக்கு. பறந்தது கொஞ்சம், தள்ளியது நிறைய.

அந்தக் கிளைடரின் பெயர் ரோகிணி. நம்மூர் ஜோசியர்களுக்கு மகிழ்ச்சி தரும் விஷயம் ஒன்று சொல்கிறேன். டெல்லியில் மத்திய அரசின் சிவில் விமானத் துறைக்குத் தொழில்நுட்ப மையம் ஒன்று இருந்தது. அங்கே வடிவமைத்த கிளைடர்களுக்கு நட்சத்திரப் பெயர்களாக வைத்துக்கொண்டே வந்தார்கள். அஸ்வினி 1958-ல் பறந்தது. ரோகிணி 1961-ல். அப்புறம் கார்த்திக், பரணி, மிருகசீர் என்று வந்து, கடைசியில் 1979-ல் ஆர்த்ரா, அதாவது நம் திருவாதிரை. பஞ்சாங்க வரிசைப்படி முதல் ஆறும் வந்துவிட்டன, பறந்த வரிசைதான் கொஞ்சம் முன்பின். அஸ்வினியையும் ரோகிணியையும் வடிவமைத்தவர் எஸ். ராமாமிர்தம். ரோகிணியில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், மாட்டு வண்டியில் உட்காருவதுபோல. நாடு முழுக்க எத்தனையோ பேர் அதில்தான் முதலில் பறந்தார்கள்.

பறப்பதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். தரையில் அதை நகர்த்துவதைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. ஆனால் எங்கள் பயிற்றுநர் முதல் நாளே சொன்னது, "மேலே இருக்கும்போது இதுக்கு ஆபத்து கம்மி. கீழே நீங்க இருக்கீங்க." அவர் விமானப்படைக்காரர், மலையாளி. சிரிக்காமல் சொன்னார்.

முதல் இரண்டு நாள் பாடமே எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது என்பதுதான். இறக்கையின் முன்விளிம்பில், உடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கை வைத்துத் தள்ளலாம். பின்விளிம்பைத் தொடவே கூடாது, அது மெல்லிய குச்சி. வாலில் அசைகிற பாகங்களைப் பிடித்து இழுக்கக் கூடாது. இறக்கை நுனியை ஒருவர் பிடித்தபடி கூடவே நடக்க வேண்டும், ஆனால் நுனியைப் பிடித்து வண்டியை இழுக்கக் கூடாது. திருப்ப வேண்டுமானால் முதலில் ஒருவர் வாலைத் தரையிலிருந்து தூக்க வேண்டும், பிறகுதான் திருப்ப வேண்டும். வால் தரையில் ஊன்றியிருக்க, நுனியை மட்டும் தள்ளினால், துணியைப் பிழிவதுபோல உடம்பு முறுக்கிக்கொள்ளும்.

ஜீப்பில் கட்டி இழுப்பதாக இருந்தால், கயிறு பாதி இறக்கையைவிட நீளமாக இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டோம். ஜீப் திடீரென்று நின்றால் கிளைடர் நிற்காது, அதற்குத் தனி பிரேக் பிடிக்க ஆள் பக்கத்தில் வேண்டும். அது உருண்டு வந்து பக்கவாட்டில் திரும்பினாலும் இறக்கை ஜீப்பின்மேல் விழாத தூரம் வேண்டும், அதற்குத்தான் அந்த நீளம். வேகம், மனிதர் நடக்கிற வேகம். ஓட்டுகிறவர் காதில் நம் சத்தம் விழ வேண்டும். மயிலாப்பூர் தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த நாலு பேர்தான். அது மாதிரி.

காற்று இன்னொரு எதிரி. மணிக்கு 60, 70 கிலோமீட்டர் காற்று எதிரில் வந்தால், கிளைடருக்குத் தான் தரையில் நிற்கிறோம் என்பதே மறந்துவிடும். அதற்கு அது பறக்கிற வேகம்தானே. எனவே நிறுத்தி வைக்கும்போது காற்று வரும் பக்கத்து இறக்கை கீழே சாய்ந்திருக்க வேண்டும், அந்த நுனிமேல் மணல் மூட்டையோ பழைய டயரோ வைக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லாமல் விடக்கூடாது. 2016 வர்தா புயலன்று எங்கள் தெருவில் தகரக் கூரைகள் பறந்தபோது எனக்கு அந்த மணல் மூட்டைகள்தான் ஞாபகம் வந்தன.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது ஹாங்கருக்குள் அடுக்குவது. ஹாங்கர் என்றால் விமானக் கொட்டகை. மூன்று கிளைடர்களை ஒரு கொட்டகைக்குள் வைக்க வேண்டும். ஒன்றின் இறக்கைக்கு அடியில் இன்னொன்றின் வால், ஒன்று இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலப்பக்கம். கல்யாண வீட்டில் பாய் விரித்துப் படுக்கிற மாதிரி, ஒருவர் கால் இருக்கும் இடத்தில் இன்னொருவர் தலை. முதலில் உள்ளே போனது கடைசியில்தான் வெளியே வரும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கிளைடர் ஒற்றைச் சக்கரத்தில் நிற்கிறது. நுனி, நடுவிலிருந்து எட்டேகால் மீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் இருப்பவர் கண்ணுக்கே தெரியாத ஒரு டிகிரி திரும்பினால், நுனி 14 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதாவது அரைச் சாணுக்குச் சற்று அதிகம். இந்தப் பக்க நுனி தாழ்ந்தால் அந்தப் பக்க நுனி அதே அளவு உயர்ந்து கூரைச் சட்டத்தைத் தொடும். நடுவில் இருந்து தள்ளுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிவது நுனியில் இருப்பவருக்கும் வாலில் இருப்பவருக்கும்தான். அதனால் அவர்களுக்குப் பேச்சு கிடையாது, பார்வை மட்டும்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். முகாம் எங்கே, எந்தப் பிரிவு என்பதெல்லாம் வேண்டாம். தவறு என்னுடையது, மற்றவர்கள் பெயர் எதற்கு.

நான் படித்தது புதுவையில், பிரெஞ்சு வழியில். கல்லூரிக்கு மெட்ராஸ் வந்தபோது என் இங்கிலீஷ் அகராதி இங்கிலீஷ். எந்த வார்த்தை கேட்டாலும் மனசுக்குள் முதலில் பிரெஞ்சுக்குப் போய், பிறகு தமிழுக்கு வரும். வெளியூர்ப் பேருந்து தாலுகா ஆபீஸ் வழியாகச் சுற்றி வருவதுபோல. முகாமில் பல மாநிலப் பையன்கள். அணிவகுப்புக் கட்டளைகள் இந்தியில். எங்கள் தலைமுறைக்கு அது சாதாரண விஷயமல்ல. 1968 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் போட்டபோது, என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னது. ஒரு கட்டளைச் சொல்லுக்கு அவ்வளவு கனம் இருந்த காலம். கொட்டகையிலோ கட்டளைகள் இங்கிலீஷும் இந்தியும் கலந்து வரும். புரியாவிட்டால் மற்றவர்களைப் பார்த்துச் செய்வேன். அதுவரை அது போதுமாக இருந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. காற்றும் எழுந்தது. இரண்டு கிளைடர்கள் உள்ளே போய்விட்டன. மூன்றாவதை வால் முன்னே போகும்படி தள்ளிக்கொண்டு போனோம். நான் இடது நுனி. வாலில் என் அறைத் தோழன். மூக்குப் பக்கம் பயிற்றுநர். வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. கண் பழகவில்லை. எனக்குப் பின்னால் ஏற்கெனவே நிறுத்தியிருந்த கிளைடரின் சுக்கான் நீட்டிக்கொண்டிருந்தது. படகுக்கு இருப்பதுபோல் வாலில் செங்குத்தாக இருக்குமே, அதுதான்.

பயிற்றுநர் அதைப் பார்த்துவிட்டார். "ஹோல்டு!" என்று கத்தினார்.

ஹோல்டு என்றால் பிரெஞ்சில் தெனீர். தெனீர் என்றால் பிடி. நான் பிடியைத் தளர்த்திவிட்டேன் போலிருக்கிறது, அதனால்தான் கத்துகிறார் என்று நினைத்து, நுனியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு அதே வேகத்தில் நடந்தேன். தள்ளியவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். நான் ஒருவன்தான் நிற்கவில்லை. எட்டு மீட்டர் நீள நெம்புகோலின் நுனியில் இருப்பவன் ஒருவன் போதும். முந்நூறு கிலோவும் சக்கரத்தின்மேல் பூ மாதிரி திரும்பியது. இரண்டு அடிதான். 'டொக்' என்று ஒரு சத்தம்.

அப்புறம் நானும் நின்றேன். பயிற்றுநருக்கு அந்த இடம் இறக்கை மறைவு. வண்டி நின்றது மட்டும் தெரிந்தது. "குட்" என்றார். திரும்பச் சரிசெய்து உள்ளே விட்டோம். மழை கொட்டிவிட்டது. கதவை இழுத்து மூடினோம்.

சுக்கானில் ஒரு கீறல்கூட இல்லை. தடவிப் பார்த்தேன். துணி விறைப்பாக அப்படியே இருந்தது.

ராத்திரி தோழன் மெதுவாகச் சொன்னான். "சத்தம் கேட்டுச்சுடா. துணி கிழியலை இல்ல? அப்ப விடு."

"சொல்லிடலாமா?"

"சொன்னா நாளைக்கு அந்த வண்டியை எடுக்க மாட்டாங்க. நாளைக்குக் காலையில அதுலதான் எனக்கு முறை. நாலு நாளா மழை மழைன்னு தள்ளிப் போயிட்டே இருக்கு. உனக்கு என்ன போச்சு?"

எனக்குப் போவது என்ன என்று எனக்குத் தெரியும். சொன்னால் ஏன் நடந்தது என்று கேட்பார்கள். ஹோல்டு என்ற வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், அன்று ராத்திரி நான் பயந்தது விமானத்துக்காக அல்ல, என் இங்கிலீஷுக்காக. கிளைடர் உடைந்திருக்குமோ என்ற பயம் விடியற்காலை மூன்று மணிக்குத்தான் வந்தது. பக்கத்துக் கட்டிலில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். காலையில் அந்தச் சுக்கானை மிதிக்கப்போவது அவன் கால்தானே என்று தோன்றியது. அதற்கப்புறம் படுக்க முடியவில்லை.

ஐந்து மணிக்குப் பயிற்றுநர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். தமிழிலேயே சொன்னேன். அவருக்கு அது புரியும். பாதியிலேயே டீயை வைத்துவிட்டு நடந்தார்.

கொட்டகையில் சுக்கானை இரண்டு கையாலும் பிடித்து, மிக மெதுவாக இடமும் வலமும் அசைத்தார். காதை வைத்துக் கேட்டார். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே கீழே வந்தார், கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல. ஓரிடத்தில் சத்தம் மாறியது. எனக்கே கேட்டது. பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் துணியைச் சதுரமாக அறுக்கச் சொன்னார். உள்ளே, கீழ்க் கீல் பொருத்தியிருந்த மரத்துண்டு நீளவாக்கில் பிளந்திருந்தது. துணி நீண்டு கொடுத்துவிட்டது. மரத்துக்கு நீண்டு கொடுக்கத் தெரியாது.

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் திட்டவில்லை. "உடைஞ்சதை ஒட்டலாம். எது உடைஞ்சதுன்னு தெரியாம எப்படி ஒட்டுறது?" என்றார், அவ்வளவுதான். பிறகு ஏன் நிற்கவில்லை என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

காலை அணிவகுப்பு முடிந்ததும் எல்லோரையும் கொட்டகை வாசலில் உட்கார வைத்தார். என் பெயரைச் சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டார், "ஹோல்டுன்னா நீ என்ன செய்வே?" நில் என்றான் ஒருவன். பிடி என்றான் ஒருவன். அழுத்திக்கொள் என்றான் இன்னொருவன். ஒரு பஞ்சாபிப் பையன், அது டெலிபோனில் சொல்வது என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் பாதி உயிர் வந்தது.

அன்றிலிருந்து அந்தக் கொட்டகையில் ஹோல்டு கிடையாது. "ஸ்டாப்" ஒன்றுதான். கட்டளை கொடுப்பவர் ஒருவர்தான், ஆனால் ஸ்டாப் சொல்ல எல்லோருக்கும் உரிமை. கடைசியாகச் சேர்ந்த பையன் சொன்னாலும் எல்லோரும் நிற்க வேண்டும், ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். தேவையில்லாமல் சொல்லிவிட்டான் என்று யாரும் கேலி செய்யக்கூடாது. நகர்த்த ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்: இடது நுனி தயார், வலது நுனி தயார், வால் தயார். எங்காவது தொட்டுவிட்டால், துணி கிழியாவிட்டாலும், அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். சொன்னவனுக்குத் தண்டனை கிடையாது.

தண்டனை அவர் தரவில்லை. மற்றவர்கள் தந்தார்கள். அந்தக் கிளைடர் முகாம் முடியும்வரை வெளியே வரவில்லை. மூன்று இரண்டாகிவிட்டதால் எல்லோருக்கும் முறை குறைந்தது. என் தோழனுக்கு அந்த முகாமில் முறை வரவே இல்லை. மிச்ச நாட்கள் அவன் என்னோடு பேசவில்லை. ஊருக்குத் திரும்பும் ரயிலில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. பத்தொன்பது வயதில் பறக்கக் காத்திருந்தவன். ஆனால் அவன் என்மேல் கோபத்தோடு ரயிலேறினானே, ஏறுவதற்கு இருந்தானே, அதுவே எனக்குப் போதும் என்று அன்றே தோன்றியது. பிற்பாடு என்ன ஆனான் என்று தெரியாது.

பிறகு நான் சர்க்கார் குமாஸ்தா ஆனேன். கிளைடரைத் தள்ளவில்லை, கோப்புகளைத் தள்ளினேன். கோப்பில் தவறு செய்துவிட்டால் அன்றே எழுதிக் கொடுத்துவிடுவேன். "இவருக்கு வேற வேலை இல்லை" என்பார்கள். அவர்கள் அந்த மரத்துண்டைப் பார்த்ததில்லை.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதக் காரணம், போன ஐப்பசி மழை. எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடியில் இருக்கும் நண்பருக்கு ராத்திரி திடீரென்று மூச்சு முட்டல். 108 வந்துவிட்டது, ஆனால் அந்த மாடிப்படித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து இறக்குவதென்று முடிவாயிற்று. தூக்க வந்தவர்கள் ஆம்புலன்ஸ்காரர் ஒருவர், மருந்துக்கடைப் பையன், எதிர்வீட்டு மாப்பிள்ளை, எங்கள் வாட்ச்மேன். வாட்ச்மேன் ஒடிசாக்காரன், எஸ்டேட்டில் வேலை தேடி வந்து இங்கே நின்றுவிட்டவன்.

எனக்குத் தூக்க வயதில்லை. ஆனால் வாய் இருக்கிறதே. "ஒரு நிமிஷம்" என்றேன். "நிக்கணும்னா என்ன சொல்லுவீங்க?" ஆளுக்கொன்று சொன்னார்கள். நில்லு, பிடி பிடி, ருக்கோ. "எல்லாருக்கும் ஸ்டாப். யார் சொன்னாலும் நிக்கணும். ஆம்புலன்ஸ் தம்பி மட்டும்தான் நடன்னு சொல்லணும்." எதிர்வீட்டு மாப்பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தார். கிழவருக்கு நேரம் காலம் இல்லை என்று நினைத்திருப்பார்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் வாட்ச்மேன் "ஸ்டாப்" என்றான். நின்றார்கள். ஈரப் படியில் அவன் ரப்பர் செருப்பு வழுக்கியிருக்கிறது. உதறிவிட்டு, வெறுங்காலை ஊன்றி, "ஓகே" என்றான். இறங்கினார்கள்.

பதினோரு நாள் கழித்து நண்பர் வீடு திரும்பினார். காபி குடித்துக்கொண்டே கேட்டார், "ஏன் சார், அன்னிக்கு என்னை எங்கேயாவது இடிச்சீங்களா? முழங்கை இன்னும் வலிக்குது."

"முதல் மாடி கைப்பிடிச் சுவர்ல. இடது முழங்கை. அப்பவே ஆம்புலன்ஸ் தம்பிகிட்ட சொல்லி எழுதிக்கச் சொல்லிட்டேன்" என்றேன்.